மூன்றாம் புத்தகம்

தன் குட்டியை வீட்டிலேயே படிக்கவைப்பது என்று ஓர் அணில் முடிவு செய்தது. எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று அறிய அதுவே ஒரு தேர்வு வைத்தது. நான்கு விடைகளில் சரியானதைக் குட்டி தொட வேண்டும். குட்டி தடுமாறியபோதெல்லாம் அணிலின் வால்நுனி சரியான விடைப் பக்கம் லேசாக அசைந்தது. குட்டி ஒன்றையும் தவறவிடவில்லை.

“பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாம என்னத்தக் கத்துக்கும்? எம்புள்ள ரெண்டாம் புத்தகத்துக்கு வந்தாச்சு,” என்றது அடுத்த கிளை மைனா.

“இவ நேரா மூணாம் புத்தகம்க்கா. தேர்வு வெச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.”

“அடேயப்பா! எங்கே, ஒரு வரி வாசிக்கச் சொல்லு, கேப்போம்.”

அணில் புத்தகத்தை விரித்து வைத்தது. மைனா பார்த்துக்கொண்டிருந்ததால் வாலை மடித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

குட்டி புத்தகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது.

“எந்திரிம்மா,” என்றது. “வால் தெரிஞ்சாத்தானே வாசிக்க முடியும்.”

மைனா சிரித்திருக்கலாம். ஆனால் தனக்கு வேலை இருப்பதாகச் சொல்லிப் பறந்துபோயிற்று.

அதன்பிறகும் அணில் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. குட்டி பொறுமையாகக் காத்திருந்தது.