என் தலை, என் உரிமை

"ஒங்க தலை ஒங்களுதுதான் தலைவரே. ஆனா அது ரோட்டுல சிதறினா கூட்டி அள்ளுறவன் நான்தானே?"

றக்வானைச் சந்தியில் மழைக்கோட்டுக்குள் நின்ற சார்ஜண்ட் இதைச் சிங்களத்தில், சிரிக்காமல் சொன்னார்.

காத்தமுத்து மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. தோட்டக் கமிட்டித் தலைவர் என்பவர் ஒரு போலீஸ்காரருக்காக இறங்குவதா? தோட்டத்து ஏலத்தில் எடுத்த சிவப்பு வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே, சார்ஜண்டின் சிங்களத்தைவிடச் சுத்தமான சிங்களத்தில் பதில் சொன்னார்.

"ராலாமி, ரோட்டுக்குச் சட்டம் போடுங்க. தலைக்குப் போடாதீங்க. வெள்ளக்காரன் எங்க தலையில கூடைய மாட்டினான். நீங்க சட்டிய மாட்டப் பாக்குறீங்க. தனி மனுசனுக்குச் சுதந்திரம் இல்லையா?"

"இருக்கு. நடந்து போங்க. வண்டி ஸ்டேசன்ல நிக்கட்டும். ஹெல்மெட்டோட வந்தா எடுத்துக்கிட்டுப் போகலாம்."

அங்கேதான் இடித்தது. ஞாயிற்றுக்கிழமை கமிட்டித் தேர்தல். போன தடவை ஒன்பதே ஓட்டில் கரையேறியவர். இந்தத் தடவை எதிரே நிற்பவர் பழனிமுத்து. வண்டி இல்லாமல் நாலு டிவிசனையும் இரண்டு நாளில் சுற்ற முடியாது.

ஹெல்மெட் வாங்கவும் முடியாது. போன வாரம்தான் கோயில் முற்றத்துக் கூட்டத்தில், "என் உசிரே போனாலும் தலைய மூடமாட்டேன்" என்று முழங்கி, இரண்டு நிமிடம் கைதட்டல் வாங்கியிருந்தார்.

அரை மணி நேரம் யோசித்துவிட்டு ஜுனைதீன் கடைக்குள் நுழைந்தார். ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. முகத்தை முழுக்க மூடும் வெள்ளை ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடியோடு.

"தலைவருக்கா?" என்றார் ஜுனைதீன்.

"சேச்சே. சொந்தக்காரர் ஒருத்தருக்கு, ஜுனைதீன் நானா."

"அளவு பாக்காமலா எடுக்குறீங்க?"

"அவருக்கும் எனக்கும் ஒரே அளவு தலை."

வண்டியை மீட்டு, ஊர் தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். ஒருவர் கண்ணிலும் படாமல் வீடு சேர வேண்டும் என்பதுதான் திட்டம்.

தோட்டத்து ரோட்டில் முதல் வளைவிலேயே நாலைந்து பெரியவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வண்டியைக் கண்டதும் அந்தத் தூறலிலும் குடையை மடக்கி, ஓரமாய் ஒதுங்கி, "சலாங்க" என்றார்கள்.

காத்தமுத்துவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. முகத்தை மூடியும் கண்டுபிடித்துவிட்டார்களே. உட்கார்ந்திருக்கும் தோரணையே காட்டிக் கொடுத்திருக்கும். பெரியதுரை, சின்னத்துரை என்று தோட்டத்தை நடத்தும் துரைமாருக்குக் குடை மடக்கும் வழக்கத்தை ஒழிக்கச் சொல்லிச் சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்தவரே அவர்தான். ஆனால் அது பயம், இது அன்பு. அன்புக்கு யார் தடை போட முடியும்?

ஆக்சிலேட்டரைத் திருகினார். தேயிலை ஸ்டோர் வளைவில் கொழுந்துச் சாக்கோடு பெண்கள் கூட்டமாக வந்தார்கள். தலைவரைத் தாமதிக்க வைக்கக் கூடாதென்று என்ன அவசரம் அவர்களுக்கு, சாக்குகளைப் போட்டுவிட்டு ரோட்டோரக் காணுக்குள்ளேயே இறங்கி நின்றார்கள். குழியில் கிடந்த சேற்றுத் தண்ணீர் இரண்டு பக்கமும் விசிறி அடித்தது. காத்தமுத்து ஒரு கையைத் தூக்கி ஆசீர்வதிப்பதுபோல் காட்டிவிட்டுப் பறந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஹெல்மெட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"என்னாங்க அது?" என்றாள் மனைவி விஜயகலா.

"ஒன்னுமில்ல. இந்த எலெக்சன் சும்மா ஒப்புக்குத்தான் விஜயா. சனம் முடிவு பண்ணிருச்சு. ரோட்டுல பாத்தேன்."

ஐந்து மணிக்குப் பத்தாம் நம்பர் லயத்து வீடுகளிலிருந்து பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். சேலையெல்லாம் சேறு. முன்னால் நின்ற கருப்பாயி முழங்காலில் துணி கட்டியிருந்தாள்.

சபதத்தை மீறியதைத்தான் கேட்க வந்திருக்கிறார்கள் என்று காத்தமுத்து பதிலைத் தயார் செய்துகொண்டார்.

"தலைவரே, நீங்க தொரைமாருக்குப் பயப்படாத ஆளு. அதான் பழனிமுத்துகிட்ட போகாம மொதல்ல இங்க வந்தோம். இன்னைக்குச் சின்னத்தொரை எங்களக் கொல்லப் பாத்தாருங்க. காணுல குதிக்காட்டி சங்குதான். விழுந்து கெடக்குறோம், கைய வேற ஆட்டிட்டுப் போறாரு. என்னா கொழுப்பு."

காத்தமுத்து உள்ளே கட்டில் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "சின்னத்தொரைதானா? நல்லாப் பாத்தீங்களா?"

"மொகம் தெரியல. ஆனா அவரோட அதே செவப்பு வண்டி, அதே வெள்ள ஹெல்மெட்டு. இந்தத் தோட்டத்துல அத மாட்டுற ஆளு அவரு ஒருத்தருதானே? நீங்கதான் உசிரு போனாலும் மாட்டமாட்டேன்னுட்டீங்களே. போலீசுக்கு எழுதிக் குடுங்க தலைவரே. எழுதினா எங்க லயத்து ஓட்டு அறுவதும் ஒங்களுக்கு. இல்லாட்டி பழனிமுத்து எழுதுறேன்னு சொல்றாரு."

விஜயகலா உள்ளே போய்த் தாளும் பேனாவும் கொண்டுவந்து புருசன் முன்னால் வைத்தாள்.

ஏழைத் தொழிலாளர் உயிரோடு விளையாடும் அந்த வெள்ளை ஹெல்மெட்காரனைக் கண்டுபிடித்து, இனி ஆயுளுக்கும் வண்டி ஓட்ட முடியாதபடி அவன் லைசென்ஸை ரத்துச் செய்ய வேண்டும் என்று காத்தமுத்து இரண்டு பக்கத்துக்கு எழுதி, முதல் கையெழுத்தையும் தானே போட்டார்.