இரண்டு பேருக்கு மட்டும் குளிர்

“தனியா இருக்கறவங்களுக்கு இனிமே ஏசி ஓடாதாம் வளர்மதி. கரண்ட்டை மிச்சம் பிடிக்கச் சட்டமாம். அறையில ரெண்டு பேர் இருந்தாத்தான் ஓடுமாம்.” சித்திரை பிறந்த அன்று கதிரேசன் போனில் இப்படித்தான் ஆரம்பித்தான்.

“அதுக்கு?”

“ஆள் வேணும்னா நான் வரேன். பகல்ல மட்டும். வாயே திறக்க மாட்டேன்.”

“உங்களுக்கும் வேர்க்குதுன்னு நேரா சொல்லுங்களேன்!”

கணவனும் மனைவியும் பிரிந்து அப்போது மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் வேலூர் வெயிலுக்குப் பயந்து அவன் தினமும் பதினொரு மணிக்கு வந்துவிடுவான். அவள் கட்டிலில் அமர்ந்து விடைத்தாள் திருத்துவாள். அவன் ஜன்னலோரம் செய்தித்தாளோடு இருப்பான். அவன் குளியலறைக்குப் போய்ச் சற்றுத் தாமதித்தால் ஏசி நின்றுவிடும். “உள்ளயே தூங்கிட்டீங்களா?” என்று கத்துவாள். ஐந்து மணிக்கு அவன் கிளம்பியபின், அவன் டீ குடித்த டம்ளரை உடனே கழுவ அவளுக்கு மனம் வராது.

இன்று மழை கொட்டித் தீர்த்தது. அடுத்த கோடை வரை ஏசி இணைப்புகளைத் துண்டிக்கப்போவதாக மதியமே அறிவித்துவிட்டார்கள். கதிரேசன் மூக்குக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

“அப்ப அடுத்த வருஷம் பாப்போம்” என்றபடி செருப்பை மாட்டினான்.

அவன் படியில் கால் வைத்ததும், மூன்று வருடங்களாகத் தொண்டை வரை வந்து வந்து திரும்பிய வார்த்தைகளை வளர்மதி சொல்லியே விட்டாள்.

“போகாதீங்க. என்கூடவே இருந்துடுங்க.”