அப்பாவுக்கு எந்த கார்?

“ரெண்டு கதவு கூப்பே வேணாம்ணே. முட்டி வலியோட அப்பா எப்படிக் குனிஞ்சு ஏறுவாரு? எஸ்யூவியே வாங்கு” என்றாள் என் தங்கை சியூ பெங்.

“கூப்பேதான் அழகு. அப்பா மாப்பிள்ளை மாதிரி இருப்பாரு” என்றேன்.

“எஸ்யூவில காலை நல்லா நீட்டிக்கலாம்” என்றார் பினாங்குக் கடைக்காரர்.

“உன் வண்டியில ஒரு நாளாவது அவரை ஏத்தியிருக்கியா? இப்ப அழகு பாக்க வந்துட்டே!” என்றாள் தங்கை.

போன வருடம் மருத்துவமனைக்குப் போக அப்பா மூன்று முறை போன் செய்தார். “மீட்டிங்ல இருக்கேன், பஸ்ல போங்கப்பா” என்றேன்.

“எஸ்யூவியே குடுங்க” என்றேன் கடைக்காரரிடம்.

கடைக்காரர் காரை ஒற்றைக் கையால் தூக்கி, அதன் மூங்கில் குச்சிகள் முறியாமல் செய்தித்தாளில் சுற்றினார்.

“நாளைக்குக் கல்லறையில காத்து பாத்துக் கொளுத்துங்க. எரிஞ்சாதான் கார் அப்பாகிட்ட போய்ச் சேரும். உள்ள உட்கார்ந்திருக்கிற இந்தக் காகித டிரைவருக்கு ஒரு பேர் எழுதணும். அப்பதான் அப்பா கூப்பிட்டா வருவான். என்ன பேர்?”

“எதையாவது எழுதுங்க. என் பேர் மட்டும் வேணாம். அதைக் கூப்பிட்டு அவர் ஏமாந்தது போதும்.”