பதிமூன்றாம் நம்பர்

பிளாஸ்திரி வர மறுத்தது.

பாத்திமா மகளின் நடுவிரலை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அழுத்தித் தேய்த்தாள். வாசலில் ஜீப்பின் கதவு சாத்தும் சத்தம். சேலத்திலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

"இழும்மா. தோலு வந்தாலும் வரட்டும்," என்றாள் அமீனா.

பாத்திமா இழுத்தாள். கொஞ்சம் தோலும் வந்தது. வீங்கிய விரலை அமீனா முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

காலேஜில் சேர்த்தபோது அத்தா நூர் முகமது சொன்னது ஒன்றே ஒன்று. வகுப்பு, ஹாஸ்டல், சனிக்கிழமை ஏற்காடு பஸ். நாலாவதாக ஏதாவது காதில் விழுந்தால் அன்றோடு படிப்பு நின்றுவிடும்.

இரண்டு வருடமாக நாலாவதாக ஒன்று இருந்தது. கூடைப்பந்து. அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

வரும் புதன்கிழமை ஃபைனல்.

திரை விலகியது. மாப்பிள்ளையின் பெரியம்மா மைமூன் முதலில் வந்தாள். பின்னால் இரண்டு பெண்கள். மூவரும் பாயில் உட்கார்ந்ததும் அறையில் கால் நீட்டக்கூட இடமில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஒரு முழத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். வெளியேற வழி கூடம் ஒன்றுதான். கூடத்தில் அத்தாவும் மாப்பிள்ளை வீட்டு ஆண்களும் இருந்தார்கள். நடுவே ஒரு துணித் திரை மட்டும். அங்கே ஸ்பூன் கிண்ணத்தில் இடிப்பது இங்கே கேட்டது. இங்கே பேசுவது அங்கேயும் கேட்கும்.

"நொம்ப ஒசரமா இருக்குதுங்களே புள்ள," என்றாள் மைமூன். "கருகமணி கட்ட வர்றப்ப நான் ஸ்டூல் எடுத்துட்டு வரோணுமாட்ட இருக்குது!"

பெண்கள் சிரித்தார்கள். மைமூன் சிரிப்பை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"உன்ன எங்கியோ பாத்த மாதிரி இருக்குது கண்ணு."

"கடைப்பக்கம் பாத்திருப்பீங்க." பாத்திமா முந்திக்கொண்டாள்.

"ஏனுங்க, நான் ஏற்காடு ஏறுனதே இன்னைக்குத்தான்."

அமீனாவின் கழுத்தில் வியர்த்தது. ஏற்காட்டில், டிசம்பர் மாதத்தில்.

"சேலத்துல உங்க ஊடு எங்கீங்க?" பேச்சை மாற்றத்தான் பாத்திமா கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

"இவ படிக்கற காலேஜு கிரவுண்டுக்கு நேர் பின்னாலதானுங்க. மொளகா காயப்போட மாடிக்குப் போவேன். கீழ புள்ளைங்க கூடைப்பந்து ஆடுவாங்க. மொளகா மழையில நனைஞ்சாலும் சரி, ஆட்டம் முடியாம எறங்க மாட்டேன். அத்தனை தூரத்துல மொகம் சரியாத் தெரியாது. முதுகுல நம்பரு மட்டும் நல்லாத் தெரியும்."

மைமூன் விரல் மடக்க ஆரம்பித்தாள்.

"நாலாம் நம்பரு கேப்டன். பந்து கைக்கு வந்துட்டா அவ ஊட்டுச் சொத்து, யாருக்கும் குடுக்க மாட்டா. ஏழு குள்ளம். ஆனா எலியாட்டம் பூந்து எடுத்துட்டு வந்துருவா. பத்து பனைமரம், நின்ன எடத்துலயே நிக்கும். பதினொண்ணு பாதி ஆட்டத்துலயே இடுப்புல கைய வெச்சுருவா."

அத்தனையும் சரி. கோச்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நான்கு விரல்கள் மடங்கிவிட்டன. கட்டைவிரல் மட்டும் நின்றது.

அமீனாவின் பனியனில் இருந்த எண் பதிமூன்று.

"இந்தப் பதிமூணு இருக்குதே, ஆட்டம் பூரா நல்லாத்தான் ஆடும். கடைசில கை நடுங்கிப் போவும். போன வியாழக்கிழமை யாரும் மறிக்காம சும்மா நின்னு போடற பந்து, ரெண்டு குடுத்தாங்க. ரெண்டையும் உட்டா! ஏழு மட்டும் இல்லைன்னா அன்னைக்கே ஊத்திக்கிச்சு. பயந்தாங்கொள்ளி. ஃபைனல்ல அவளை உக்கார வெச்சாத்தான் கப்பு."

சொல்லிக்கொண்டே அமீனாவின் கையைப் பிடித்து இழுத்தாள். வீங்கிய விரல் வெளியே வந்தது.

"இதென்ன கண்ணு?"

"அம்மிக்கல்லு..." என்று பாத்திமா ஆரம்பித்தாள்.

"அது பயம் இல்லீங்க."

திரைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல். அத்தா.

பெண்கள் பேச்சில் அத்தா குறுக்கே வந்து அமீனா கேட்டதே இல்லை.

"அந்தப் பக்கத்து வளையம் முன்னால சாஞ்சு கெடக்குதுங்க. மொதப் பாதியில எதிர் டீமும் அதே வளையத்துல நாலு உட்டாங்க. மாடியில இருந்து பாத்தா அது தெரியாதுங்க, கிட்ட நின்னு பாக்கோணும். பயந்தாங்கொள்ளியா இருந்தா கடைசி நிமிசத்துல பந்தைக் கேட்டு வாங்குவாளா?"

வியாழக்கிழமை அத்தா சேலத்துக்குக் கடைச் சரக்கு எடுக்கப் போகும் நாள்.

பாத்திமாவின் கை மகளின் தோளில் அப்படியே நின்றது. கூடத்தில் ஸ்பூன் சத்தமும் நின்றுவிட்டது.

மைமூனுக்கோ சரிக்குச் சரி பேச ஆள் கிடைத்த உற்சாகம். அமீனாவின் கையை விட்டாள். திரையைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"ஏனுங்க, அது பொம்பளப் புள்ளைங்க காலேஜு. கேட்டுல வாட்ச்மேன் நோட்டு வெச்சுட்டு உக்காந்திருக்கான். எங்க ஊட்டுக்காரரையே உள்ள உடமாட்டேன்னுட்டான். நீங்க எப்படீங்க கிட்டப் போயி நின்னீங்க?"

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஒரு பொய் போதும். வாட்ச்மேன் தெரிந்தவன் என்றால் முடிந்தது. அந்தப் பொய்க்காக அமீனா மனசுக்குள் துஆ கேட்டாள்.

"ஆடற புள்ளையோட அத்தாவை உடுவாங்க," என்றார் நூர் முகமது. "நோட்டுல பதிமூணுன்னு எழுதிக் கையெழுத்துப் போடோணும். ரெண்டு வருசமா போட்டுட்டுத்தானுங்க இருக்கேன்."