ஆளில்லாத வீட்டு மோட்டார்

ஆள் இல்லாத வீட்டில் மட்டும் கைவைப்பது என்பது கிளாரன்ஸின் கொள்கை. ஆள் இருக்கிற வீட்டுக்குள் நுழைகிறவன் திருடனே இல்லை, முட்டாள் என்பார்.

வீட்டில் ஆள் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாசல் பூட்டை அவர் நம்பமாட்டார். உள்ளே ஆளைத் தூங்கவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு போகிற ஊர் இது. அக்கம்பக்கத்துப் பேச்சை நம்பமாட்டார். தன் காதை மட்டும் நம்புவார். தண்ணீர் மோட்டார் ஓடினால் வீட்டில் ஆள் உண்டு. ஓடாவிட்டால் இல்லை. இந்தத் தங்கச் சுரங்க ஊரில் சாம்பியன் ரீப்ஸிலிருந்து ராபர்ட்சன்பேட்டை வரைக்கும் ஒரு போலீஸ்காரருக்குக்கூட அவர் முகம் தெரியாது என்றால், அதற்கு அந்தக் காதுதான் காரணம்.

இந்தக் கோடையில் அந்தக் காதே குழம்பிப்போனது.

பாத்திரக்கடை ராஜமாணிக்கம் குடும்பத்தோடு காசிக்குப் போயிருந்தார். காசிக்குப் போகிறவர்கள் கழுத்து நிறைய நகை போட்டுக்கொண்டு ரயில் ஏறமாட்டார்கள். அத்தனையும் பீரோவில்தான் இருக்கும். பெட்டி படுக்கையோடு அவர்கள் கிளம்பியதைக் கிளாரன்ஸ் தன் கண்ணாலேயே பார்த்தார். ஆனாலும் அந்த வீட்டு மோட்டார் தினமும் ஓடிக்கொண்டிருந்தது.

"காஸ் அடுப்பு ரிப்பேரேய்!" என்று கூவியபடி கிளாரன்ஸ் அந்தத் தெருவுக்குள் போனார். ஸ்பேனரும் கம்பியும் பையில் ஏன் இருக்கின்றன என்று அடுப்பு ரிப்பேர்காரனை யாரும் கேட்கமாட்டார்கள்.

பக்கத்து வீட்டு சரோஜம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"யம்மா, இந்த வூட்ல அடுப்பு எதுனா பாக்கணுமா?"

"அங்க யாரு கீறாங்க அடுப்பு பத்தவெக்க? அல்லாரும் காசிக்குப் போய்க்கீறாங்க."

"மோட்டார் ஓடுதே?"

சரோஜம்மா சிரித்தாள். "இன்னா பெரியவரே, எந்தக் காலத்துல கீறீங்க? அவரு புள்ள ராகவு பெங்களூர்ல கீறான். டேங்க்ல இன்னாவோ மிஷின் வெச்சுட்டுப் போய்க்கீறான். தண்ணி எறங்கினா மோட்டார் தானா ஓடும், ரொம்பினா தானா நிக்கும். அல்லாம் போன்லயே நடக்குது."

"போன்ல தண்ணி ஏறுதா?"

"நம்பலேன்னா போங்க."

கிளாரன்ஸ் நம்பத்தான் இல்லை. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு இங்கே தண்ணீர் ஏற்றுவானாம். அங்கே இருக்கிறவனுக்கு முதலில் அங்கே தண்ணீர் வருகிறதா? சாயங்காலம் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். மோட்டார் ஓடியது. பிறகு நின்றது. டேங்கிலிருந்து ஒரு சொட்டு வழியவில்லை.

அப்போதுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. இந்த ஊரில் பிறந்த எந்த மனுஷன் டேங்க் வழிவதற்கு முன்னால் மோட்டாரை நிறுத்தியிருக்கிறான்? மேலிருந்து தண்ணீர் கொட்டி, நாலு வீட்டுக்காரர்கள் கத்திய பிறகுதானே சுவிட்சைத் தேடி ஓடுவான்! இது மிஷின் வேலையேதான். வீடு காலி.

மறுநாள் உச்சி வெயிலில் தெரு முழுக்கச் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் சாய்ந்திருந்தது. கிளாரன்ஸ் பின்பக்கச் சுவரைத் தாண்டினார். கொல்லைக் கதவுப் பூட்டு அவர் கம்பிக்குச் சொன்ன பேச்சைக் கேட்டது. உள்ளே காலை வைத்தார்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. கிரிக்கெட் மட்டையும் கையுமாக ஒரு வாலிபன் நின்றிருந்தான்.

"நான்தான் ராகவ். காலைலேர்ந்து உங்களுக்காகத்தான் வெயிட்டிங்."

கிளாரன்ஸ் கம்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். இத்தனை காலம் கட்டிக்காத்த பெயர். இந்த வயதிலா லாக்கப்?

"ஆளே இல்லாத வூட்ல தினம் டேங்க் காலியாவுதுன்னு போன் காட்டுது. பைப்புல லீக்கும் இல்ல. இந்தத் தெருவுல வத்தாத போர் எங்களுது ஒண்ணுதான். எவன்டா தண்ணியத் திருடறான்னு புடிக்க வந்தா... இன்னா பெரியவரே, நீங்கதானா?"

தண்ணீரா! கிளாரன்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பையன் பீரோ பக்கமே பேச்சைக் கொண்டுபோகவில்லை. தங்கத்தில் கைவைத்தால் ஜெயில். தண்ணீருக்கு எவன் ஜெயிலுக்குப் போனான்? ரெண்டு திட்டு வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். தடாலென்று காலில் விழுந்தார்.

"நான்தான் தம்பி! தெனமும் நான்தான் எடுத்தேன். குடிக்கத் தண்ணி இல்ல தம்பி. போலீஸுக்கு மட்டும் சொல்லிடாதீங்க."

"சேச்சே, தண்ணிக்குப் போயி போலீஸ் எதுக்கு?" என்றான் ராகவ்.

படித்த பிள்ளைகளை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று கிளாரன்ஸ் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

ராகவ் வாசல் கதவை அகலத் திறந்து, தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "அல்லாரும் வாங்க! தண்ணித் திருடன் மாட்டிக்கினான்!"

தண்ணி லாரி எட்டிப் பார்த்தே வாரக்கணக்காகியிருந்த தெரு அது. தங்கம் எடுத்த ஊரில், தங்கத் திருடன் என்று சொல்லியிருந்தால் ஜன்னலைத் திறந்து வேடிக்கை பார்த்திருப்பார்கள். தண்ணீர்த் திருடன் என்றதும் டிவியை அப்படியே விட்டுவிட்டு, குடமும் துடைப்பமுமாக அத்தனை பேரும் இறங்கி வந்தார்கள்.

"தம்பி, போலீஸக் கூப்பிடு தம்பி!" என்று கெஞ்சினார் கிளாரன்ஸ். யார் காதிலும் அது விழவில்லை. எல்லோரையும் விலக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்து, முதல் அடியைப் போட்டவள் சரோஜம்மா.

அவள் அடித்த ஓஸ் பைப், அந்த நிமிஷம்தான் ராஜமாணிக்கம் வீட்டு டேங்கிலிருந்து அவளே உருவிக்கொண்டு வந்தது. அதன் நுனியில் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.