அம்மாவின் லிஸ்ட்

டிஷ் பாக்ஸில் ஆளுக்கொரு ஃபேவரிட் லிஸ்ட் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அப்பாவுக்கு ஏழு சேனல். பாப்பாவுக்கு மூன்றே மூன்று, எல்லாம் கார்ட்டூன். அம்மா இறந்த மறுவாரம் அவளுடைய லிஸ்டை அழித்தேன். காலையில் அது திரும்ப வந்திருந்தது. உள்ளே அப்பாவின் செய்திச் சேனல் ஒன்று. அப்பாவிடம் மீதி ஆறு.

"சாஃப்ட்வேர் கோளாறு சார்" என்று கைகழுவினான் டிஷ்காரன். ரீசெட் செய்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். விடிந்தபோது அம்மாவிடம் இரண்டு, அப்பாவிடம் ஐந்து.

"விடுடா, அவ எடுத்துக்கட்டும். எனக்கெதுக்கு இத்தனை?" என்றார் அப்பா.

ஏழாவதும் போன அன்று, ரிமோட்டைப் பிடித்தபடியே நாற்காலியில் போய்ச் சேர்ந்தார்.

இன்று காலை அம்மாவின் லிஸ்டில் எட்டு சேனல் இருந்தன. எட்டாவது கார்ட்டூன்.

பாப்பாவிடம் இன்னும் இரண்டு இருக்கின்றன.