குசினிக்குப் போன வாக்கு

பேர்ள் பேனாவைத் தொடவே இல்லை.

“பிடியுங்கோ அக்கா, இதிலை ஒரு கையெழுத்து” என்று மறுபடியும் நீட்டினார் கணேசலிங்கம்.

ஆஸ்திரேலியாவில், ரோவில் என்ற ஊரில், கிழக்கொளி தமிழர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். தலைவர் கணேசலிங்கம் வாசலிலேயே மேசை போட்டு, வருகிறவர்களை மறித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலிய அரசியல் யாப்பில் இருபத்தைந்தாம் பிரிவு என்று ஒன்று கிடக்கிறது. ஒரு மாநிலம் ஏதாவது ஓர் இனத்தாருக்கு வாக்கில்லை என்று சட்டம் போடக்கூடும் என்று எண்ணி அந்தக் காலத்தில் எழுதி வைத்தது. இன்னும் நீக்கப்படவில்லை. அதை எடுக்கச் சொல்லித்தான் மனு.

“மலையகத்திலை எங்கட சனத்தின்ர வாக்கைப் பறிச்சவங்கள். அந்த வலி தெரிஞ்ச நாங்கள் போடாட்டி வேற ஆர் போடுறது?”

“பிறகு போடுறன்.”

“பிறகோ? ஏன்?”

“பிறகு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார் பேர்ள்.

பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கிவிட்டது. அன்றைக்குத் தலைவர் தேர்தலில் கணேசலிங்கத்தை எதிர்த்து நிற்பதே பேர்ள்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை டண்டினோங்கில் பெரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பது பேர்ளின் கட்சி. ரோவிலிலேயே இருக்கட்டும் என்பது கணேசலிங்கத்தின் கட்சி.

“அவர் கொண்டுவந்த மனு எண்டபடியால் தொடமாட்டா. என்ன மனமப்பா!” என்று செயலாளர் சச்சிதானந்தன் பக்கத்தில் நின்றவரின் காதில் சொன்னார். அவர் காதில் சொன்னால் மண்டபத்தின் மறுகோடிக்கும் கேட்கும். பேர்ளுக்கும் கேட்டது.

அறிக்கைகள் வாசித்து முடிந்தன. “அடுத்தது தேர்தல்” என்றதும் பேர்ளின் மருமகள் டானியா எழுந்தாள்.

“மாமி, நான் தேத்தண்ணி போட” என்றாள், சனிக்கிழமைப் பள்ளியில் தன் மகனோடு கூட இருந்து பழகிய தமிழில்.

டானியா இந்த நாட்டின் பூர்வகுடிப் பெண். சங்கத்தின் யாப்பில், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர்களுக்கு மட்டுமே வாக்கு. மற்றவர்கள் அங்கத்தவராக இருக்கலாம், கதிரை அடுக்கலாம், விழாவுக்கு வடை சுடலாம். கை தூக்கும் நேரத்தில் மட்டும் குசினிக்குப் போய்விட வேண்டும். போ என்று ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. கேத்தல் வைக்கிற சாட்டில் அவர்களே எழும்பிவிடுவார்கள். அவ்வளவு பழகிப்போன வழக்கம். அன்றைக்கு அப்படி வந்திருந்தவள் டானியா ஒருத்திதான்.

“நில்லு பிள்ளை. தேத்தண்ணி பிறகு குடிக்கலாம்” என்று பேர்ள் எழுந்தார். “கணேசலிங்கம், எங்கட யாப்பை மாத்தச் சொல்லிப் போன மாசமே பிரேரணை தந்தனான். ஏன் வாசிக்கேல்லை?”

“அக்கா, அதை அடுத்த வருசம்...”

“வாசலிலை இருக்கிற மனுவுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

“அது நாடு. இது சங்கம்.”

“நாட்டிலை இவளுக்கு வாக்கு இருக்குது. எங்கட சங்கத்திலைதான் இல்லை! இவளின்ர சனத்துக்கெண்டு வாசலிலை மேசை போட்டிட்டு, இவளைக் குசினிக்கு அனுப்புறியள். ஊருக்குத்தான் உபதேசமோ?”

“இப்பதானே விளங்குது!” என்றார் சச்சிதானந்தன். “மருமகளின்ர வோட்டையும் சேர்த்துக் கதிரையைப் பிடிக்கப் பாக்கிறா!”

மண்டபம் சிரித்தது. பேர்ளுக்கு முகம் எரிந்தது. அழுகைகூட வந்தது. ஆனால் உட்காரவில்லை.

“சிரிச்சு முடிஞ்சுதெண்டால் பிரேரணையை வாசியுங்கோ. வாசிக்கும்வரைக்கும் நான் இருக்கமாட்டன்.”

கணேசலிங்கம் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பாதிப் பேர் அவர் பக்கம், பாதிப் பேர் பேர்ள் பக்கம். ஒரு கை கூடினாலும் பதவி போய்விடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வாசல் மேசையைப் பார்த்தார். குசினிக் கதவில் கை வைத்தபடி நிற்கும் டானியாவைப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

பிறகு பிரேரணையை வாசித்து, தானே முதலில் கையைத் தூக்கினார். ஒவ்வொன்றாக மற்றக் கைகளும் எழுந்தன. கடைசியில் சச்சிதானந்தனின் கையும் காதுவரைக்கும் வந்தது.

டானியா திரும்பி வந்து கதிரையில் அமர்ந்தாள்.

தேர்தல் தொடங்கியது. பேர்ளின் பெயரைச் சொன்னபோது டானியாவின் இரண்டு கைகளும் மடியிலேயே கிடந்தன. கணேசலிங்கத்தின் பெயரைச் சொன்னதும் வலது கையை நேரே மேலே தூக்கினாள்.

ஒரேயொரு கையால் கணேசலிங்கம் வென்றார்.

முதலில் கை தட்டியவர் பேர்ள். தட்டிவிட்டு நேரே வாசலுக்குப் போய், மனுவில் கையெழுத்துப் போட்டார்.

சச்சிதானந்தன் பின்னாலேயே ஓடிவந்தார்.

“சொந்தக் காசிலை சூனியம் வைச்சிட்டியளே அக்கா! இப்பிடிச் செய்வாள் எண்டு ஆருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும் தம்பி” என்று பேனாவை மேசையில் வைத்தார் பேர்ள். “பள்ளிக்கூடம் தூரமாப் போனால் பிள்ளைக்குக் கஷ்டம், கணேசலிங்கம் அங்கிளுக்குத்தான் என்ர வோட்டு எண்டு நேற்றே எனக்குச் சொல்லிப்போட்டாள்.”